உறைந்து நின்ற மடிக்கணினியும் அவசரத் தீர்ப்பும்

வீட்டில் மடிக்கணினி பழுதாகிவிட்டால் விசாரணையே இல்லாமல் தண்டிக்கப்படுபவர் ஒருவர் உண்டு. அந்த வீட்டில் கேம் விளையாடும் பிள்ளைதான் அவர். "எந்நேரமும் அதிலேயே கிடந்தாயே, இப்போது பார்த்தாயா?" என்ற ஒரே வரியில் வழக்கு முடிந்துவிடுகிறது. நாங்களும் அப்படித் தீர்ப்புச் சொன்னவர்கள்தாம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரியில் படிக்கும் மகளின் பாடங்கள், எங்கள் கடைக் கணக்கு, பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகனின் கார்ப் பந்தய விளையாட்டு எல்லாம் அதற்குள்தான். சென்ற கோடை விடுமுறையில் அந்த விளையாட்டு பாதியில் உறையத் தொடங்கியது. பேச்சுவழக்கில் 'ஹேங்' ஆகிறது என்போமே, அதுதான். படம் அப்படியே நின்றுவிடும். ஒலி மட்டும் ஒரே இடத்தில் சிக்கி இரையும். சில வேளைகளில் கணினியே பட்டென்று அணைந்துபோகும். மகன் இதை எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏச்சு விழும், விளையாட்டும் நின்றுபோகும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று வாரம் மறைத்திருக்கிறான். மகள் தன் ப்ராஜெக்ட் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஓர் இரவில் கணினி அணைந்து, இரண்டு மணி நேர உழைப்பு காணாமற்போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அன்று நாங்கள் பேசிய பேச்சைத் திருப்பி எழுத விருப்பமில்லை. கேமை அழித்துவிட்டு, கணினியை ஃபார்மட் செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். பழுதுபார்க்கும் கடையொன்றில் கேட்டதற்கு, திறந்துகூடப் பார்க்காமல் "மதர்போர்டு போயிருக்கும்" என்றார்கள். மறுநாள் அஸருக்குப் பிறகு மகன் ஒரு பழைய ரஃப் நோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். "அத்தா, இதை மட்டும் ஒரு தடவை பாருங்க."

கணினி உறைந்த ஒவ்வொரு முறையையும் அதில் குறித்து வைத்திருந்தான்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் விளையாடிய பிறகு, கணினி எங்கே இருந்தது. கட்டிலில் மெத்தைமேல் வைத்தபோது 12 நிமிடம். மேசையில் 35, 40. பிற்பகல் இரண்டு மணிக்கு விரைவாக உறைந்திருக்கிறது. ஃபஜ்ருக்குப் பின் விளையாடிய ஒரு நாள் (அதற்கும் தனியாக ஏச்சு வாங்கியிருக்கிறான்) உறையவே இல்லை. காரணம் வெப்பம் என்பதை யாரும் அந்த நோட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது. அவனிடம் கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.

பிறகு அவனோடு உட்கார்ந்தோம். விண்டோஸின் தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், கணினி என்றைக்கெல்லாம் தடுமாறியது என்பதை நாள்வாரியாகச் சிவப்புக் குறியிட்டுக் காட்டும் ஒரு பக்கம் திறக்கும். பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள் அன்று. எல்லார் கணினியிலும் சும்மா கிடப்பதுதான். மகன் நன்னி வீட்டுக்குப் போயிருந்த வாரத்திலும் அதில் இரண்டு சிவப்புக் குறிகள் இருந்தன. மகள் நெடுநேரம் காணொளி வகுப்பில் இருந்த நாட்கள் அவை. ஊகத்தை வைத்து யாரையும் குற்றஞ்சாட்டக் கூடாது என்று அவனுக்குச் சிறுவயதில் கற்பித்தவர்கள் நாங்கள்தாம். அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவனுக்குத்தான் எங்களைவிடச் சங்கடமாக இருந்தது.

கடிதம் தட்டுவதற்கு ஒரு கணினி தன் வலிமையில் சிறு பங்கையே செலவிடுகிறது. விளையாட்டு அப்படியன்று, மையச் செயலியையும் கிராஃபிக்ஸ் செயலியையும் ஒருசேர நெடுநேரம் முழுவீச்சில் உழைக்க வைக்கும். வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் பெரும்பாலான செயலிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோது, எரிந்துபோகாமலிருக்கக் கணினி அணைந்துவிடும். எங்கள் கணினியின் அடிமூடியைத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் திறந்தபோது, விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே நான்கு ஆண்டுத் தூசு கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. துலக்கி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பூசினார். 400 ரூபாய். 97 டிகிரி வரை ஏறிய வெப்பம் 81க்கு இறங்கியது. மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லா வீட்டிலும் காரணம் வெப்பமாகவே இருக்கும் என்று சொல்லவரவில்லை. எப்படி நிற்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். எச்சரிக்கையின்றிக் கணினி முழுவதும் அணைந்தால் வெப்பத்தையோ மின்சாரத்தையோ சந்தேகிக்கலாம். திரை ஒரு கணம் கருத்துத் திரும்பி வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் பார்க்க வேண்டும். அந்தச் செயலி 2 விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைப் புதிதாகத் தொடங்கி வைப்பதே வழக்கம். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு மற்றவை ஓடினால், சிதைந்த கோப்போ ரேம் பற்றாக்குறையோ காரணமாகலாம். ஸ்டீம் போன்றவற்றில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி உள்ளது. முழுவதையும் அழித்து மறுபடி இறக்க வேண்டியதில்லை. எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் அண்மையில் இதுவே நடந்தது. வீடியோ நினைவகம் போதவில்லை என்ற செய்தியுடன் பல விளையாட்டுகள் நின்றன. நினைவகமோ நன்றாகவே இருந்தது. விளையாட்டை உருவாக்கியவர்களைப் பலர் திட்டித் தீர்த்தார்கள். செயலிக்கு அளவுமீறிய மின்னழுத்தம் போவதே காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல்லே அறிவித்து, பின்னர் உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. மடிக்கணினிச் செயலிகளுக்கு அந்தக் கோளாறு இல்லை என்றும் சொன்னது. பொறியாளர்களுக்கே காரணத்தைப் பிடிக்க மாதக்கணக்கில் ஆனது. நாமோ ஐந்து நிமிடத்தில் பிள்ளையைப் பிடித்துவிடுகிறோம்.

ஆனால் பிள்ளைகள் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. நண்பனின் பென் டிரைவில் வரும் 'கிராக்' செய்த விளையாட்டு. அதை நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிடச் சொல்வார்கள். அணைத்த பிறகு உள்ளே என்ன நுழைந்தது, எது எதை நிறுத்தியது என்று யாராலும் அறிய முடியாது. அதற்கும் மேலாக, அது பிறர் உழைப்புக்குரிய கூலியைக் கொடுக்காமல் எடுத்துக்கொள்வது. உண்ணும் உணவில் ஹலாலைத் தேடும் நம் வீடுகளில் இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. விலையின்றியே முறையாகக் கிடைக்கும் விளையாட்டுகள் ஏராளம்.

"கெட்டுப்போனதும் நல்லதுக்குத்தான், விளையாடாமல் இருக்கட்டும்" என்கிற பெற்றோரையும் அறிவோம். எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பது வேறு கேள்வி. எங்கள் வீட்டில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு, மக்ரிபுக்குப் பின் விளையாட்டு இல்லை. அதை நாமே நம் வாயால் சொல்ல வேண்டும். பழுதான இயந்திரம் நமக்காகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டால், பிள்ளை அடுத்த பழுதையும் நம்மிடமிருந்து மறைப்பான். மறைத்த அந்த மூன்று வாரத்துக்கான விலையை எங்கள் மகள்தான் கொடுத்தாள்.

இப்போது கணினி மேசையை விட்டுக் கட்டிலுக்குப் போவதில்லை. பெரிய நகரத் தடம் ஒன்றைத் திறக்கும்போது மட்டும் விளையாட்டு எப்போதாவது தானே மூடிக்கொள்கிறது. 8 ஜிபி ரேம் போதவில்லை என்பது மகனின் கணிப்பு. பெருநாள் காசு சேர்ந்ததும் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போடலாம் என்கிறான். அதற்கு முன் பிரவுசரை மூடிவிட்டு ஒரு வாரம் விளையாடிப் பார்த்து, நோட்டில் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறோம்.