அரக்கனை விடத் தளபதியே பயங்கரம்

கம்ப்யூட்டர் கேம்ஸில் வில்லன் என்றாலே அரக்கன்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2011-ல் வெளியான 'டிராகன் ஏஜ் 2' என்ற ரோல் பிளேயிங் கேமை விளையாடிப் பாருங்கள்.

இதில் கிர்க்வால் நகர டெம்ப்ளர் வீரர்களின் தளபதி மெரடித். மந்திரவாதிகளைக் கண்காணித்து மக்களைக் காப்பது அவர் வேலை. நகரின் ஆட்சியாளர் கொல்லப்பட்டதும், புதியவரைத் தேர்ந்தெடுக்க விடாமல் அதிகாரத்தைத் தன் கையிலேயே வைத்துக் கொள்கிறார். கேட்டால், மக்களின் பாதுகாப்பு என்கிறார். மந்திர சக்தி கொண்ட சகோதரியால் குடும்பத்தையே இழந்தவர் என்பதால், அவர் பயத்திலும் நியாயம் தெரிகிறது. ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் கடைசியில் அவருடன் மோதியே தீர வேண்டும்.

அரக்கனைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். காவலர் உடையில் வரும் சுயநலம் பேச்சைக் கவனித்தால்தான் தெரியும். எனவே, சண்டைக்கு அவசரப்பட்டு உரையாடல்களைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள்.