பேய்ப் படமும் நம் பேயோட்டமும்

பேய்ப் படங்களைத் தடை செய்யக் கோரும் விண்ணப்பம் ஒன்று அண்மையில் நம்மிடம் கையொப்பத்திற்கு வந்தது. நாம் மறுத்துவிட்டோம். உறையூரின் வெயிலில் நடந்து அதைக் கொண்டுவந்த அன்பர்கள் மனம் நொந்து திரும்பினர். காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில், அப்படங்களை எடுத்தோர்க்கு உரிய நீதியை வழங்குவோம். ராம்சே சகோதரர் எழுவர். கராச்சியில் வானொலிக் கடை வைத்திருந்து, பிரிவினைக்குப்பின் பம்பாய்க்கு வந்த குடும்பம். 1970-இல் அவர்கள் குடும்பம் எடுத்த படம் தோற்றது. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் கோர முகமூடியுடன் வரும் காட்சிக்கு மட்டும் மக்கள் திரண்டனர். அதையே பிடித்துக்கொண்டு, 1972-இல் 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' எடுத்தனர். அரங்கம் அமைக்கப் பணமில்லை. அனைவரையும் பேருந்தில் ஏற்றி மகாபலேசுவரத்து விடுதி ஒன்றில் தங்கவைத்து, ஒளிப்பதிவு, ஒலி, எழுத்து, இயக்கம் எல்லாவற்றையும் உடன்பிறந்தாரே பகிர்ந்துகொண்டு, ஏறத்தாழ 40 நாளில் முடித்தனர். நம் கைத்தறிக் குடும்பங்களில் பாவு ஓடும் முறையும் இதுதானே!

கத்தோலிக்க இத்தாலியும் விலக்கன்று. 1957-இல் வெளிவந்த 'இ வாம்பிரி' படத்தைப் பன்னிரண்டு நாளில் முடிப்பதாகச் சொன்ன இயக்குநர் ரிக்கார்டோ ஃப்ரேதா இடையில் விலகினார். ஒளிப்பதிவாளர் மரியோ பாவா எஞ்சியதை இரண்டே நாளில் முடித்தார். அப்படத்தில் ஓர் அழகியின் முகம் நம் கண்முன்னே கிழமாகும். மாயம் ஒன்றுமில்லை. சுருக்கங்களை ஒரு நிறத்தில் தீட்டி, அதே நிற ஒளியில் மறைத்து, பின் விளக்கின் நிறத்தை மாற்றினார் பாவா. கறுப்பு வெள்ளைச் சுருளில் நிறமாற்றம் தெரியாது. சுருக்கம் மட்டும் தெரியும். முகம் மாறவில்லை, விளக்கே மாறியது. இது கைத்தொழில், இதில் பாவம் எங்கே?

நம்மைப் புண்படுத்துவது வேறு. திருச்சிலுவை தாயத்தாகிறது, கல்லறைத் தோட்டம் பேயின் குடியிருப்பாகிறது. 'தி ஓமன்' படத்தைத் தழுவி 1991-இல் தமிழில் 'ஜென்ம நட்சத்திரம்' வந்தபோது, திருவெளிப்பாட்டு நூலின் அச்சங்கள் நம் ஊர்க் கொட்டகைக்கும் வந்தன. நவம்பர் 2-ஆம் நாள் பிள்ளைகளோடு சென்று மெழுகுதிரி ஏற்றி, பூச்சாத்தி, பாட்டியின் கல்லறையருகே உட்கார்ந்து வரும் நம் மக்களை இவர்கள் கண்டதேயில்லை போலும்.

ஆனால் இந்தச் சினத்திற்கு நமக்குத் தகுதி உண்டா? நம் பங்கில் நெசவாளி ஒருவரின் மகளுக்கு வலிப்பு வந்தது. ஒரு செபக்கூடத்தில் மூன்று நாள் வைத்து, தலைமயிரைப் பிடித்து, ஒலிபெருக்கி முன் 'உன் பெயரென்ன' என்று பேயைக் கேட்டார்களாம். பிறகு நம்மிடம் கொண்டுவந்தனர். நாமும் தீர்த்தம் தெளித்து, தலையில் கைவைத்துச் செபித்து அனுப்பினோம். மருத்துவரிடம் போகச் சொல்ல நம் நாவெழவில்லை. குருவிடம் நம்பிக்கையோடு வந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்புவதா என்ற வீண் கூச்சம். ஐந்து மாதம் வீணாயிற்று. இன்று மாத்திரையால் நலமாயிருக்கிறாள்.

திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் எண், ஆயரின் வெளிப்படையான இசைவின்றி எவரும் பேயோட்டலாகாது என்கிறது. 1999-இல் வெளியான புதிய பேயோட்டச் சடங்குமுறையோ, நோயுற்றவரைப் பேய்பிடித்தவராக எண்ணிவிடாதிருக்க எச்சரிக்கிறது. இவற்றைக் குருமடத்திலும் அதன் பின்னரும் படித்த நாமே மறந்தால், கொட்டகைக்காரரை எப்படிக் குறைகூறுவது? மாற்குவின் ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளில் திரிந்தவன் இறுதியில் ஆடையுடுத்தி, தெளிந்த அறிவோடு உட்கார்ந்திருக்கிறான். ஆண்டவர் அவனை வீட்டுக்கு அனுப்புகிறார். பேயின் பேச்சு அங்கே சுருக்கம். நம் கூட்டங்களில் அதுவே பெரும்பகுதி.

விண்ணப்பம் கொண்டுவந்த அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. திரைப்படச் சுவரொட்டிகளோடு, 'பேய்கள் அலறும்' என்று அச்சிட்டு நம் ஆலய மதிலிலேயே ஒட்டப்படும் செபக்கூட்டச் சுவரொட்டிகளையும் அதில் சேர்த்து எழுதி வாருங்கள். அன்றே கையொப்பமிடுகிறோம்.