பெட்டிக்கடை முட்டை மீது வீண்பழி

பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போதெல்லாம் பெங்களூரின் அடுகோடியில் ஒரு யோசனை தலைதூக்கும். இந்த முறை அதை நண்பர் ஒருவர் மனுவாகவே எழுதிக் கையெழுத்துக்குச் சுற்றுக்கு விட்டிருக்கிறார். அதன் சாரம்: தெருமுனைக் கடைகளில் உதிரியாக விற்கும் முட்டை நோயைக் கொண்டுவருகிறது, கோழிக்கடைகளை இந்தப் பகுதியை விட்டே அகற்ற வேண்டும், முட்டையை சூப்பர்மார்க்கெட்டிலோ செயலி வழியாகவோ, பெட்டியில் அடைத்ததாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு பாதுகாப்புக்கான விலை, வியாபாரம் பெரிய நிறுவனங்கள் கைக்குப் போனால் தட்டுப்பாடும் வராது.

நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். மனு முழுவதும் பயம் இருக்கிறது, தகவல் இல்லை. அந்தப் பயத்துக்கான விலையைக் கொடுக்கப்போவது மனு எழுதியவர் இல்லை என்பதுதான் என் கோபம்.

முதலில் முட்டை வரும் வழியைப் பார்ப்போம். நம் தெருக்கடை முட்டை நாமக்கல்லிலிருந்தும் கர்நாடகத்துப் பண்ணைகளிலிருந்தும் வருகிறது. நாமக்கல் லாரி சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ரோடு வழியாக நகருக்குள் நுழைகிறது. அடுகோடியைத் தொட்டுக்கொண்டு போகிற அதே ரோடுதான். சூப்பர்மார்க்கெட் பெட்டிக்குள் இருப்பதும் பெரும்பாலும் இதே மாதிரிக் கொட்டகைகளில், இதே வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள் இட்ட முட்டைதான். சில நிறுவனங்கள் தீவனத்தில் எதையாவது சேர்க்கின்றன, முட்டையைத் தரம் பிரிக்கின்றன, தேதி அச்சடிக்கின்றன. அதெல்லாம் நல்லதுதான். ஆனால் பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 சோதனை செய்து தேறிய முட்டை என்று எந்தப் பெட்டியிலாவது ஒரு வரி இருந்தால் நண்பர் காட்டட்டும். அப்படி ஒரு முத்திரை இந்த நாட்டுச் சில்லறை விற்பனையில் கிடையாது. இல்லாத சோதனைக்குக் காசு வாங்கிக்கொண்டு அதைப் பாதுகாப்பு என்று நம்மிடம் விற்கிறார்கள். நண்பர் அதற்கு இலவசமாக விளம்பரம் செய்கிறார்.

வேலியும் மருத்துவரும் பெரிய நிர்வாகமும் இருந்தால் வைரஸ் வராது என்பது அவருடைய அடுத்த நம்பிக்கை. 2012 அக்டோபரில் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் நோய் எங்கே வந்தது? மத்திய அரசின் கோழி வளர்ப்பு மேம்பாட்டு நிறுவனத்தில். கோழி வளர்க்க மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் அது. அங்கே வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தன, மீதியிருந்த பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. 2025 தொடக்கத்தில் பல்லாரி மாவட்டம் குரேகுப்பாவில் நோய் வந்த இடமும் அரசுக் கோழிப்பண்ணை. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆந்திராவின் கோதாவரி மாவட்டங்களில் மடிந்தவை பெரிய வணிகப் பண்ணைகளின் கோழிகள். இந்தியாவில் முதன்முதலாக இந்த நோய் உறுதியானதே 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில், வணிகப் பண்ணைகள் நெருங்கிக் கிடந்த ஊரில்.

எதிர்ப்பக்கத்து உண்மையையும் நான் மறைக்கவில்லை. 2008இல் மேற்கு வங்கத்தில் பரவியபோது வீட்டுக் கொல்லைகளில் மேய்ந்த கோழிகள்தான் பெருமளவு பலியாயின. சுமார் 40 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. 2018 தொடக்கத்தில் நம் நகரத்துத் தாசரஹள்ளியில் பறவைக் காய்ச்சலின் இன்னொரு வகையான எச்5என்8 தென்பட்டது. 2025இல் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்து வரதஹள்ளியில் செத்தவை கிராமத்து வீட்டுக் கோழிகள். நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்று முட்டை விற்கிறவர்களும் பொய்தான் சொல்கிறார்கள். நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது, எண்பது முட்டை இடும். கொட்டகைக் கோழி முந்நூறுக்கு மேல். கொல்லைக் கோழியை நம்பி இந்த நகரம் முட்டை சாப்பிட முடியாது. என் வழக்கு அதுவும் அன்று.

இந்த வைரஸ் காட்டுப் பறவைகளின் எச்சத்திலும், பண்ணைக்குள் போய் வருகிறவரின் செருப்பிலும், லாரி டயரிலும், கழுவாத கூண்டிலும், கடைக்கும் பண்ணைக்கும் திரும்பத் திரும்பப் போய் வரும் முட்டை ட்ரேயிலும் பயணம் செய்கிறது. ட்ரே விஷயத்தில் மட்டும் பெட்டி முட்டைக்கு ஒரு சாதகம் உண்டு: அந்தப் பெட்டி பண்ணைக்குத் திரும்பிப் போவதில்லை. மனுவில் நண்பர் எழுதியிருக்க வேண்டிய ஒரே வலுவான வாதம் இது. அதை அவர் எழுதவில்லை, ஏனென்றால் அவர் விசாரிக்கவில்லை. இதற்குத் தீர்வும் எளிது: காகித அட்டையை ஒருமுறையோடு தூக்கிப்போடுவது, பிளாஸ்டிக் ட்ரேயைக் கிருமிநாசினியில் கழுவிவிட்டுத்தான் லாரியில் ஏற்றுவது. கடையை மூட வேண்டிய அவசியம் இதில் எங்கே வருகிறது?

சாப்பிடுகிறவருக்கு உள்ள ஆபத்தும் கடையைப் பொறுத்தது இல்லை. நோய் கண்ட கோழி சட்டென்று முட்டையிடுவதை நிறுத்தும், சில நாட்களுக்குள் சாகும். தப்பித்தவறி ஒரு முட்டை வந்தாலும் 70 டிகிரி செல்சியஸ் சூடு உள்வரை ஏறினால் வைரஸ் அழிந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்வது. நோய் பரவும் காலத்தில் ஆஃப் பாயிலையும் பச்சை முட்டையையும் தவிர்க்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய முட்டைக்கும் இது பொருந்தும். 2025இல் ஆந்திராவின் நரசராவ்பேட்டையில் இரண்டு வயதுக் குழந்தை எச்5என்1 தொற்றி இறந்தது. சமைக்காத கோழிக்கறியை வாயில் போட்டதாகச் செய்திகள் கூறின. இந்த நோயை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. லேசாக எடுத்துக்கொள்ளாததால்தான், மக்களின் கவனத்தை அடுப்பிலிருந்தும் கைகழுவலிலிருந்தும் கடைப் பெயர்ப்பலகைக்குத் திருப்புகிற இந்த மனு எனக்கு ஆபத்தாகத் தெரிகிறது.

பெரிய நிறுவனம் இருந்தால் தட்டுப்பாடு வராது என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் மோசம். சூப்பர்மார்க்கெட்டை விட்டால் வேறு வழியே இல்லாமல் கோடிக்கணக்கானோர் வாழ்கிற ஒரு நாடு இருக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் முட்டை அலமாரிகள் காலியாகக் கிடந்தன. ஒருவருக்கு இத்தனை பெட்டிதான் என்று கடைகள் எழுதி ஒட்டின. மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலர் ஆனது. 2022 முதல் அதுவரை அங்கே அழிந்த பறவைகள் 16 கோடிக்கும் மேல். அயோவா மாநிலத்தில் ஒரே ஒரு பண்ணையில் நோய் புகுந்ததும் 53 லட்சம் கோழிகளைக் கொல்ல வேண்டியிருந்தது. நாட்டின் முட்டையைச் சில கொட்டகைகளில் குவித்து வைத்தால், ஒரு கொட்டகையில் விழும் நோய் நாட்டின் காலை உணவிலேயே விழும்.

அந்தக் காலத்தில் யாருக்கு லாபம் என்பதையும் நண்பர் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மிகப் பெரிய முட்டை நிறுவனமான கால்-மெய்ன், 2025 மார்ச் 1இல் முடிந்த காலாண்டில் ஈட்டிய நிகர லாபம் 50 கோடி டாலருக்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டு அதே காலாண்டில் 15 கோடிக்கும் கீழே. முட்டை விலை ஏறிய விதத்தை அந்நாட்டு நீதித்துறை விசாரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் நம் நாமக்கல் முட்டை கப்பலேறி அமெரிக்கா போனது. நண்பர் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கும் இடத்தில் நிற்பவர்கள், அவர் ஒழிக்கப் பார்க்கும் கடைகளுக்கு வருகிற அதே ஊரின் முட்டையை வாங்கினார்கள்.

இங்கே விலை ஏறவில்லையா என்பார். ஏறியது. 2025 கடைசியில் நாமக்கல் பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டியது. காரணத்தைத் தெரிந்துகொள்ள அவர் வெகுதூரம் போக வேண்டாம். கால்நடைகளின் தீவனத்தை ஆராயும் தேசிய நிறுவனமே நம் அடுகோடியில்தான் இருக்கிறது. முட்டையின் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனம். தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். அந்த மக்காச்சோளத்தை எத்தனால் ஆலைகளும் போட்டி போட்டு வாங்கத் தொடங்கிய பிறகு கோழிக்காரர்கள் படும் பாடு சொல்லி மாளாது. இதோடு புரட்டாசியில் விழுந்து குளிர்காலத்தில் எழும் தேவை சேர்கிறது. பெட்டிக்கடைக்காரர் இதில் எந்த இடத்தில் குற்றவாளி? நாமக்கல் விலை நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது, பத்திரிகையில் வருகிறது. கடைக்காரர் அதற்கு மேல் எவ்வளவு வைக்கிறார் என்பதைத் தெருவில் யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுக் கேட்கலாம். பத்து ரூபாயைத் தாண்டி விற்கும் பிராண்டு முட்டைக்கு அப்படிக் கேட்க ஓர் ஆள் கிடைப்பாரா?

உதிரி விற்பனையைத் தடுக்க வேண்டும் என்ற வரியைப் படித்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஈஜிபுராவிலிருந்தும் நீலசந்திராவிலிருந்தும் நடந்து வந்து, இந்த அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்புகிற பெண்கள் வழியில் மூன்று முட்டை வாங்குகிறார்கள். வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை. பணம் இல்லாத நாளில் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். சூப்பர்மார்க்கெட் மூன்று முட்டை தராது. கடன் தரவே தராது. இந்தியாவில் 2023-24இல் தலைக்குக் கிடைத்தது 103 முட்டை. ஊட்டச்சத்து நிபுணர்கள் ஆண்டுக்குச் சொல்வது 180. அந்தப் பற்றாக்குறை யார் வீட்டில் இருக்கிறது என்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரிடம் கேட்டுப் பார்க்கட்டும். கர்நாடக அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஆறு நாள் முட்டை தரத் தொடங்கியது 2024இல்தான். சமைத்து உரித்துத் தருவது உட்பட ஒரு முட்டைக்கு ஒதுக்கியது 6 ரூபாய். விலை ஏறினால் முதலில் திண்டாடுவது அந்தப் பள்ளிகள். முட்டை என்றாலே பீதி கிளப்புகிறவர்கள் அந்தத் தட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததையும் இவ்வளவு சீக்கிரம் மறக்க முடியுமா? முதல் நாட்களில் இணைய மளிகை நிறுவனங்கள் புது ஆர்டர் எடுக்க முடியாமல் திணறின. அரை ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு நமக்கு அரிசியும் பருப்பும் முட்டையும் தந்தது தெருக்கடை. அந்தக் கடையைத்தான் இப்போது நோய்க்கிடங்கு என்று எழுதியிருக்கிறார்.

கோழிக்கடைகள் இப்போது இருக்கிறபடியே இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. சாலையோரத்தில் அடுக்கிய கூண்டு, சாக்கடைக்குப் போகும் இரத்தம், நாள் கணக்கில் கழுவாத பலகை, இவை மாற வேண்டும். 1997இல் எச்5என்1 மனிதரைத் தாக்கி 18 பேரில் ஆறு பேரைக் கொன்ற ஹாங்காங், கடைகளை ஒரேயடியாகத் துரத்தவில்லை. 2001 முதல், குறித்த நாளில் எல்லாக் கடைகளிலும் உயிர்க்கோழியே இல்லாமல் காலி செய்து, கழுவி, காயவிடும் விடுப்பு நாளைக் கொண்டுவந்தது. பிறகு இரவில் உயிர்க்கோழியைக் கடையில் வைக்கத் தடை போட்டது. தொழிலை விட விரும்பியவர்களுக்குப் பணம் கொடுத்து உரிமத்தைத் திரும்ப வாங்கியது. இவற்றில் எதையும் நம் மாநகராட்சியிடம் நண்பர் கேட்கவில்லை. விரட்டுங்கள் என்று மட்டும் கேட்கிறார்.

விரட்டினால் நடக்கப்போவது என்ன? மத்திய அரசின் செயல்திட்டப்படி நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வளர்ப்புப் பறவைகள் எல்லாம் அழிக்கப்படும். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. இது நடக்க, செத்த கோழியைப் பற்றி யாராவது முதலில் வாய் திறக்க வேண்டும். தாசரஹள்ளியில் செத்த கோழிகள் ஆய்வுக்குப் போனதால்தான் நகரத்துக்கு விஷயம் தெரிந்தது. எப்போது விரட்டுவார்களோ என்று பயந்துகொண்டு சந்துக்குள் பதுங்கி விற்கிறவர் வாய் திறக்கமாட்டார். அழிக்கும் பறவைக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் இழப்பீடு உண்டு. பூட்டிக் கிடக்கும் கடையின் நாட்களுக்கு ஒரு காசும் இல்லை. அந்த நாட்களுக்கு ஒரு தொகையை மாநில அரசு அறிவிக்கட்டும். செத்த கோழியை இரவோடு இரவாகக் குப்பையில் வீசிவிடுகிற அவசியம் கடைக்காரருக்கு இருக்காது; காலையில் கடை திறக்கும் முன்பே ஹெப்பாளில் உள்ள கால்நடை நோய் ஆய்வகத்துக்குத் தகவல் போய்விடும்.