கட்டத் தெரிந்தவர்க்கே கருவி

ஒரு கருவியைப் பிறர் செய்து தரப் பெற்றுப் பயன்கொள்வோர்க்கும், அதனைத் தாமே செய்துகொள்ள வல்லார்க்கும் உள்ள வேற்றுமை, கருவி தடையின்றிக் கிடைக்கும் காலத்தில் எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. கொடுத்த கை பின்வாங்கும் நாளிலேதான் அது வெட்டவெளிச்சமாகின்றது. கணினித் துறையில் அத்தகைய நாள் ஒன்று 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தது. 'கியூட்' என்னும் பெயருடைய நிரலகத்தின்மேல் மென்பொருள் எழுதிவந்தோர், தம் கையிலுள்ள திறம் எத்துணைத்து என்பதை அன்று அளந்துகொண்டனர். அவ்வரலாறு தமிழர்க்கும் பாடமாகத் தக்கது.

நிரலகம் என்பது யாது? கணினித் திரையில் தோன்றும் சாளரம், பொத்தான், பட்டி, உரைப்பெட்டி ஆகியவற்றை ஒவ்வொரு நிரலரும் முதலிலிருந்தே எழுதிக்கொண்டிருத்தல் இயலாது. அவற்றை முன்னரே எழுதி, எவரும் எடுத்தாளுமாறு தொகுத்து வைத்த களஞ்சியமே நிரலகம். விண்டோசு, மேக்கு, இலினக்சு என்னும் இயக்குதளங்கள் மூன்றிலும் சாளரம் திறக்கும் முறை வேறு. விசையழுத்தத்தை அறியும் முறை வேறு. எழுத்தை வரையும் முறை வேறு. இவ்வேற்றுமைகளையெல்லாம் தன் வயிற்றுள் அடக்கிக்கொண்டு நிரலர்க்கு ஒரே முகம் காட்டுவது பல்தள நிரலகம். கியூட் அத்தகையது. படமும் பாட்டும் இயக்கும் வி.எல்.சி.யும், ஓவியர் கையாளும் கிரிட்டாவும் அதன்மேல் எழுந்தவையே.

நார்வே நாட்டவராகிய ஆவார்டு நோர்டு, எய்ரிக் சாம்பே-எங் என்னும் இருவர், 1990-ஆம் ஆண்டில், கேளா ஒலியால் எடுக்கப்பெறும் மருத்துவப் படங்களைத் தொகுத்துவைக்கும் மென்பொருள் ஒன்றில் உழைத்துவந்தனர். யூனிக்சு, மேக்கு, விண்டோசு ஆகிய மூன்றிலும் அஃது இயங்கவேண்டியிருந்தது. அத்தேவையே வித்து. மறு ஆண்டில் எழுதத் தொடங்கினர்; 1994-இல் நிறுவனம் கண்டனர்; 1995 மே 20-ஆம் நாள் முதல் வெளியீட்டை உலகின்முன் வைத்தனர். நோர்டு பயன்படுத்திய எழுத்துருவில் 'கியூ' என்னும் எழுத்து அழகாகத் தோன்றியமையால் அதனையே தம் படைப்பின் பெயருக்கு முதலெழுத்தாகக் கொண்டனர்.

1996 அக்தோபரில் செருமானியராகிய மத்தியாசு எட்ரிக்கு, கே.டி.ஈ. என்னும் திரைச்சூழலைக் கட்டும் திட்டத்தை அறிவித்து, அதற்குக் கியூட்டையே அடித்தளமாகக் கொண்டார். அப்பொழுதே ஐயம் எழுந்தது. கட்டடம் எல்லார்க்கும் உரியது. அடிமனை ஒரு நிறுவனத்துக்கு உரியது. நிறுவனம் நாளை மனம் மாறின் கட்டடம் என்னாகும்? இவ்வையத்தால் வேறோர் அணியினர் 1997-இல் தனியே ஒரு திரைச்சூழலைத் தொடங்கினர். கே.டி.ஈ. அணியினரோ 1998-இல் அந்நிறுவனத்தோடு எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். கியூட்டின் கட்டற்ற பதிப்பை நிறுவனம் பன்னிரண்டு திங்கள் வெளியிடாது விடுமாயின், அதனை மிகத் தளர்ந்த உரிமத்தின்கீழ் எல்லார்க்கும் திறந்துவிடும் உரிமை, அதற்கென அமைத்த அறக்கட்டளைக்கு உண்டு என்பதே அதன் சாரம். 2000-இல் கியூட் குனு பொது உரிமத்தின்கீழும், 2009-இல் அதனினும் தளர்ந்த குனு உரிமத்தின்கீழும் வந்தது. இதற்கிடையில் 2008-இல் நோக்கியா அந்நிறுவனத்தை வாங்கியது. 2012-இல் பின்லாந்தின் திசியா நிறுவனம் கியூட்டை வாங்கியது. 2014-இல் கியூட்டுக்கென்றே தனி நிறுவனம் பிரிந்தது. முதலாளி மாறிக்கொண்டே இருந்தான். உடன்படிக்கை மட்டும் நின்றது.

2020 சனவரியில் அந்நிறுவனம் ஓர் அறிவிப்புச் செய்தது. கட்டிமுடித்த கோப்புகளைப் பெற விரும்புவோர் அனைவரும் நிறுவனத்திடம் கணக்குத் தொடங்குதல் வேண்டும். நெடுங்காலப் பேணலுக்குரிய பதிப்புகள் இனிப் பணம் செலுத்துவோர்க்கு மட்டுமே கிட்டும் என்பன அதன் கூறுகள். மூலநிரல் எனப் பலரும் வழங்கும் முதனிரல் மட்டும் கணக்கின்றியும் கிடைக்கும் எனப்பட்டது. சொன்னவாறே 2021 சனவரியில் 5.15 என்னும் பதிப்பின் திருத்தங்கள் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டன. புதிய 6-ஆம் பதிப்பு வெளிவந்து ஒரு திங்களே ஆகியிருந்தது, கே.டி.ஈ.யின் மென்பொருள்களோ பழைய பதிப்பின்மேலேயே நின்றன.

கே.டி.ஈ. அணியினர் அழுது புலம்பவில்லை. 2021 ஏப்பிரலில், பழைய பதிப்பின் முதனிரலை எடுத்து, வேண்டிய திருத்தங்களைத் தாமே தொகுத்துச் சேர்த்துப் பேணத் தொடங்கினர். 2024 பிப்பிரவரியில் தம் திரைச்சூழலைப் புதிய பதிப்புக்கு மாற்றும்வரை அத்தொகுப்பு அவர்களைத் தாங்கியது. அவர்களைக் காத்தவை இரண்டு. ஒன்று உடன்படிக்கை தந்த உரிமை. மற்றொன்று முதனிரலிலிருந்து கியூட்டைக் கட்டி எழுப்பும் திறம். இவற்றுள் இரண்டாவது இல்லையேல் முதலாவது வெறுங்காகிதம். தளர்ந்த குனு உரிமம், தன்கீழ்ப் பெற்ற நிரலகத்தை மாற்றிக் கட்டிப் பயன்படுத்தும் உரிமையைப் பயன்படுத்துவோர்க்கு வழங்குகின்றது. அவ்வுரிமை தமிழ்நாட்டுச் சிற்றூர் மாணவனுக்கும் உண்டு. கட்ட அறியாதவன் கையில் அது கல்லாதான் கையிலுள்ள ஏடாகவே கிடக்கும்.

அவ்வாறு கட்டுதல் அத்துணை அருஞ்செயலோ? அன்று. பொறுமையும் படிக்கும் பழக்கமும் உடையார் எவர்க்கும் கைகூடுவதே. 6-ஆம் பதிப்பைக் கட்டச் சி++ மொழியின் 2017-ஆம் ஆண்டு வரையறையை ஏற்கும் தொகுப்பி, சீமேக்கு என்னும் கட்டமைப்புக் கருவி, வேலையை முறைப்படுத்தும் நிஞ்சா, பைத்தான் ஆகியவை வேண்டும். முதனிரலை ஓரிடத்தில் விரித்து, கட்டுதலை வேறு கோப்புறையில் நிகழ்த்துவதே நன்முறை. முதனூலின் ஓலையில் எவரும் கணக்கெழுதுவதில்லை. முதனிரலையும் அவ்வாறே கறைபடாது வைத்தல் வேண்டும்.

முதற்படி அமைவு காணல். அமைவுநிரல் கணினியை ஆராய்ந்து, எவை உள்ளன, எவை இல்லை எனக் கண்டு, இறுதியில் ஒரு சுருக்கவுரையைத் தருகின்றது. பிழைபடுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே பிழைபடுகின்றனர். சுருக்கவுரையைப் படியாது அடுத்த படிக்குத் தாவுகின்றனர். இலினக்சுத் தளத்தில் 'எக்சு-சி-பி' என்னும் திரைத்தொடர்பு நூலகத்தின் தலைப்புக் கோப்புகள் இல்லாதிருப்பின், அதற்குரிய செருகுநிரல் கட்டப்படாது. கட்டுதல் குறையின்றி முடிந்ததுபோல் தோன்றும். ஆயினும் அத்திரைத்தொடர்பை வேண்டும் மென்பொருள் சாளரம் திறவாது நின்றுவிடும். அக்குறை சுருக்கவுரையில் முன்னரே எழுதப்பட்டிருக்கும், படித்தவர் தப்பினர்.

அடுத்து, வேண்டாதவற்றை விலக்கல். கியூட்டின் பகுதிகளுள் இணையப் பக்கங்களைக் காட்டும் பகுதி, குரோமியம் உலவியின் முதனிரலையே தன்னுள் கொண்டது. பெரும் நினைவகத்தையும் நெடும் பொழுதையும் விழுங்குவது. எளிய கணினி உடையோர் அதனை விலக்கி, அடிப்படைப் பகுதியை மட்டும் கட்டித் தொடங்கலாம். பிறகு கட்டாணை. நிரல்களைத் தொகுப்பியிடம் ஒப்படைக்கும் முன், கியூட்டுக்கே உரிய முன்னோடி நிரல் ஒன்று அவற்றைப் படித்துக் குறிப்புகளுக்கும் அவற்றுக்கு விடையிறுக்கும் செயல்களுக்கும் உரிய இணைப்புநிரலை எழுதித் தருகின்றது; தொகுப்பி அனைத்தையும் பொறிமொழியாக்க, இணைப்பி ஒன்றாகக் கோக்கின்றது. இறுதியில் நிறுவலாணை முடிந்த பொருளைக் குறித்த இடத்தில் கொண்டுவைக்கின்றது. ஆணைகள் மூன்றே. அவற்றினிடையே வரும் பிழைச்செய்திகளைப் பொருளுணர்ந்து படித்தலே கல்வி.

இனித் தமிழன்பர் ஊன்றி நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. உயிர்மெய்யில் மெய்யொலி முந்த உயிரொலி பிந்துவது தமிழ் இலக்கண முறை. ஒருங்குறியும் அவ்வொலி முறையைப் பின்பற்றி, 'கெ' என்பதில் ககரத்தை முன்னும் எகரக் குறியைப் பின்னுமாகவே இருத்துகின்றது. எழுதும்பொழுதோ கொம்பு முன்னே நிற்கும். 'கொ' என்பதில் கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமும் நிற்கும். இருத்திய முறையினின்று எழுதும் முறைக்கு மாற்றித் தருவதற்கென ஒரு தனி உறுப்பு வேண்டும். கியூட்டில் அப்பணியைச் செய்வது 'ஆர்ப்பசு' என்னும் எழுத்தமைப்பு நிரலகம். பாரசீக மொழியால் பெயர்பெற்ற அதனை முதன்மையாக நின்று வளர்த்தவர் ஈரானில் பிறந்த பெக்தாத் எசுபாபோது. தம் மொழி எழுத்து திரையில் சிதைவதைப் பொறாதவர் முதனிரலுக்குள் இறங்கியதனால், உலக எழுத்துகள் பலவும், அவற்றுள் தமிழும், நலம் பெற்றன.

அந்த ஆர்ப்பசைக் கொள்வதா, விலக்குவதா என்பது அமைவு காணும் படியில் ஒரே ஒரு சொல்லால் தீர்மானிக்கப்படுகின்றது. கியூட்டோடு வருவதைக் கொள்க, தளத்தில் உள்ளதைக் கொள்க, வேண்டா என மூன்று விடைகள் உண்டு. பொருளின் அளவைக் குறைக்கக் கருதி, ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒருவர் 'வேண்டா' என எழுதிவிடின், அவர் திரையில் ஒரு குறையும் தோன்றாது. தமிழனின் திரையில் கொம்பும் எழுத்தும் இடம்மாறி நிற்கும். தீமை நினையாமலே தமிழுக்குத் தீங்கு நிகழும். கட்டும் இடத்தில் தமிழறிந்தவர் ஒருவர் அமர்ந்திருப்பின் அஃது அன்றே திருத்தப்படும்.

மொழிபெயர்ப்பிலும் நிலை இதுவே. கியூட்டின் கருவி, நிரலிலுள்ள தொடர்களைத் திரட்டி மொழிபெயர்ப்பாளர் கையில் தருகின்றது. கோப்பின் பெயர் வரும் இடத்தில் '%1' என்னும் குறி நிற்கும். அதனைத் தொடரின் எவ்விடத்தும் வைக்கலாம் ஆகலின், வினையை இறுதியில் கொள்ளும் தமிழுக்கு இடருண்டாகாது. ஆயின் அக்குறியோடு 'ஐ' உருபை நேரே ஒட்டினால், வரும் பெயர் யாதென முன்னறிய இயலாமையால் புணர்ச்சி கெடும். '%1 என்னும் கோப்பைத் திறக்க இயலவில்லை' என எழுதின் உருபு தமிழ்ப்பெயரோடு புணர்ந்து தொடர் செம்மையுறும். இந்நுட்பம் தமிழ்ப் புலவர்க்கு இயல்பாக வருவது. கணினிப் பொறியியலார்க்குத் தானே தோன்றுவதன்று. இருவரும் ஒரே கணினியின்முன் அமர்ந்தாலன்றிச் செப்பமான தமிழ்த்திரை உருவாகாது.

தனித்தமிழ் இயக்கத்தார் சொல்லாக்கத்தில் பெரும்பணி ஆற்றியுள்ளனர். கணினி, மென்பொருள், ஒருங்குறி என்பன போன்ற சொற்கள் வழக்கூன்றிவிட்டன. எனினும் பிறன் கட்டிய வீட்டின் வாயிலில் தமிழ்ப்பலகை மாட்டுவதோடு பணி முடிந்ததாகக் கருதுவது போதாது. வீட்டுக்குடையவன் பூட்டிய நாளில் பலகையும் உள்ளேயே அடைபடும். பொத்தானுக்கு எப்பெயர் பொருந்தும் என நாட்கணக்கில் வழக்காடுவோருள் பத்தில் ஒருவரேனும் அப்பொத்தான் பிறக்கும் நிரலைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

தமிழ் மன்றங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஊருக்கொரு கணினியில், விடுமுறை நாளொன்றில், இலக்கணம் கற்றவர் ஒருவரும் நிரல் கற்ற இளைஞர் ஒருவரும் சேர்ந்து கியூட்டின் அடிப்படைப் பகுதியை முதனிரலிலிருந்து கட்டுக. கட்டியபின் கெ, கே, கை, கொ, கோ, கௌ என எழுதித் திரையில் ஆய்க. பிழை காணின் குறித்து, கட்டுவோர்க்கு எழுதுக. இயலின் தாமே திருத்தி அனுப்புக. முதல்நாள் கட்டுதல் முறியலாம். சுருக்கவுரையைப் படித்து மீண்டும் தொடங்குக. நார்வேயில் இருவரால் தொடங்கியது. தமிழூர் ஒன்றில் இருவர் இலராகார்.