வேலிக்கு வெளியே ஓர் ஊர்

ஏப்ரல் மாதம் நெருங்கும்போது, அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைக் காணப் புறப்படும் பெற்றோர் டாலர் மாற்றுவதற்காக நம் கிளைகளை நாடுவது வழக்கம். ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகருக்குச் செல்வோரும் அவர்களில் உண்டு. அங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கும் அகஸ்டாவில்தான் மாஸ்டர்ஸ் எனும் கோல்ஃப் போட்டி நடைபெறுகிறது. 'குலுக்கலில் சீட்டு விழுந்தால் அகஸ்டா போகலாம்; இல்லையென்றால் அந்த வாரம் அந்தப் பக்கமே போக வேண்டாம்' என்பது பிள்ளைகள் வழக்கமாகச் சொல்லும் யோசனை. சீட்டு இல்லாதவருக்கு அவ்வூரில் வேலை இல்லை என்ற இவ்வெண்ணம் தவறானது என்பதே நம் கருத்து.

போட்டியின் சிறப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. பாபி ஜோன்ஸ், கிளிஃபர்ட் ராபர்ட்ஸ் ஆகிய இருவர் தொடங்கிய அகஸ்டா நேஷனல் மன்றத்தில் 1934 முதல் அது நடந்து வருகிறது. மைதானம் அமைந்த நிலம் முன்பு செடி வளர்ப்புப் பண்ணையாக இருந்தது. அதனால் பதினெட்டுக் குழிகளுக்கும் மரம், செடி, கொடிகளின் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன. வென்றவருக்குப் பச்சை நிற மேலங்கி அணிவிக்கப்படும். ஃபிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான விஜய் சிங் 2000-ஆம் ஆண்டில் அதை அணிந்தார். 2007-இல் ஜீவ் மில்கா சிங் அங்கு ஆடிய முதல் இந்தியரானார். உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. சாண்ட்விச் ஒன்றரை டாலருக்கே கிடைக்கிறது. பார்க்க வாய்த்தவர் பேறு பெற்றவர்தாம்.

ஆனால் சீட்டு குலுக்கலில் விழுவது. விழுந்தாலும் குடும்பத்தார் அனைவருக்கும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இருவர் உள்ளே சென்றால் மற்ற இருவர் மாலை வரை என்ன செய்வது? பெரும்பாலும் விடுதி அறையில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பார்கள், அல்லது மைதானத்தை ஒட்டிய வாஷிங்டன் சாலையின் நெரிசலில் நின்றிருப்பார்கள். சில கிலோமீட்டர் தொலைவில், 1736-இல் நிறுவப்பட்டு, ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் வாழும் ஓர் ஊர் இருப்பதை அவர்கள் அறிவதில்லை.

அந்த ஊர் இந்த ஒரு வாரத்தைக் கையாளும் முறை வங்கித் துறையினராகிய நம் கவனத்தை ஈர்ப்பது. பள்ளிகளுக்கு வசந்த கால விடுமுறை அந்த வாரத்திலேயே விடப்படுகிறது. சொந்த வீடு வைத்திருப்போர் பலர் வீட்டை விருந்தினருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூர் சென்றுவிடுகின்றனர். குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால், அவ்வருமானத்துக்கு அமெரிக்க மத்திய அரசின் வருமான வரி இல்லை. அந்நாட்டு வரி ஆலோசகர்கள் இந்தச் சட்டப்பிரிவை 'அகஸ்டா விதி' என்றே அழைக்கின்றனர். ஒரு வார வாடகையை ஓர் ஆண்டின் சேமிப்பாக மாற்றத் தெரிந்த குடும்பங்களை நாம் பாராட்டலாம்.

எனினும் இந்தக் கணக்கில் ஒரு பற்று உண்டு. வீடு உள்ளவருக்கே இந்த வரவு. வாடகை வீட்டில் இருப்பவர் எதை வாடகைக்கு விடுவார்? அவருடைய பங்கு அவர் வேலை செய்யும் கடை, உணவகம், வாடகைக் கார் ஆகியவற்றின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வந்த கூட்டம் மைதானத்துக்கும் விடுதிக்கும் இடையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பங்கு குறையும்.

இந்த ஏற்றத்தாழ்வு இன்று தோன்றியதன்று. ஆட்டக்காரரின் மட்டைப்பையைச் சுமந்து, காற்றின் திசையையும் தரையின் சரிவையும் கணித்துச் சொல்லும் உதவியாளராக 1982 வரை மன்றம் அமர்த்தியவரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கு விதி. அவ்வுதவியாளர்கள் கறுப்பினத்தவர், பலர் அருகிலுள்ள சாண்ட் ஹில்ஸ் பகுதியினர். அவர்களுள் ஒருவரான கார்ல் ஜாக்சன் 54 மாஸ்டர்ஸ் போட்டிகளில் பை சுமந்தவர். பென் கிரென்ஷா 1984-இலும் 1995-இலும் வென்றபோது உடன் நடந்தவர் அவரே. மைதானத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அறிந்திருந்த அச்சமூகத்திலிருந்து ஒருவர், லீ எல்டர், ஆட்டக்காரராக உள்ளே நுழைந்தது 1975-இல்தான். மன்றம் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990-இல். பெண் உறுப்பினர்களைச் சேர்த்தது 2012-இல். இன்று மன்றம் லீ எல்டர் பெயரில் அவ்வூரின் பெய்ன் கல்லூரியில் உதவித்தொகை வழங்குகிறது. காலம் தாழ்ந்தாலும் நல்ல செயல். ஆயினும் கடனைத் தீர்க்கும் பொறுப்பை மன்றத்திடம் மட்டுமே விட்டுவிட வேண்டியதில்லை. ஊருக்கு வரும் விருந்தினரும் தம் காலடிகளால் ஒரு பங்கைச் செலுத்தலாம்.

எங்கே செல்வது? முதலில் ப்ராட் தெரு. அங்கே பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் சிலை உயர்ந்த பீடம் ஏதுமின்றி நடைபாதை மட்டத்திலேயே நிற்கிறது. சிறுவயதில் இதே ஊரில் காலணிகளுக்கு மெருகேற்றிப் பிழைத்தவர் உலகப் புகழ் பெற்றார். அவர் பெயரில் இன்று ஒரு சாலை உள்ளது. தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை.

அடுத்து ஸ்பிரிங்ஃபீல்ட் பாப்டிஸ்ட் தேவாலயம். அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினத் திருச்சபைகளுள் ஒன்று. அடிமை முறை ஒழிந்த சில ஆண்டுகளில், 1867-இல், இங்கே தொடங்கிய சிறு பள்ளிதான் பின்னர் அட்லாண்டாவுக்கு இடம்பெயர்ந்து மோர்ஹவுஸ் கல்லூரியாக வளர்ந்தது. மார்ட்டின் லூதர் கிங் பயின்ற கல்லூரி அது. பிள்ளைகளின் வீட்டுக்குத் திரும்பியபின் அக்கல்லூரியைக் காணும் பெற்றோருக்கு, அதன் வேரைக் கண்ட நிறைவு இருக்கும்.

லூசி கிராஃப்ட் லேனி எனும் ஆசிரியையின் இல்லம் இப்போது கறுப்பின வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்த அவர், ஒரு தேவாலயத்தின் நிலவறையில் விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளுடன் தொடங்கிய பள்ளி, பல தலைமுறைகளுக்குக் கல்வி தந்தது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் வாடிக்கையாளர்கள் இவ்வீட்டைத் தவறவிடக் கூடாது.

நடைப்பயிற்சி விரும்புவோருக்கு அகஸ்டா கால்வாய் ஏற்றது. 1845-இல் வெட்டப்பட்டு, 1875-இல் அகலப்படுத்தப்பட்ட இக்கால்வாயின் நீர்விசையே இவ்வூரைப் பருத்தி ஆலை நகரமாக்கியது. கரையோரப் பாதையில் நடக்கலாம். பழைய சரக்குப் படகின் வடிவில் அமைந்த படகில் ஏறி ஆலைகளைப் பார்த்து வரலாம். வெயில் ஏறியபின், சவானா ஆற்றங்கரையில் உள்ள மோரிஸ் கலைக்கூடத்தில் அமெரிக்கத் தென்பகுதி ஓவியங்களைக் காணலாம். ஆற்றின் மறுகரை தென் கரோலினா மாநிலம். போட்டி வாரத்தில் இவ்விடங்கள் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நன்று.

இங்கே ஒரு கேள்வி எழலாம். 'கோல்ஃபுக்காகச் செல்பவர் கால்வாயையும் தேவாலயத்தையும் எதற்குப் பார்க்க வேண்டும்? அவர் காசு, அவர் விருப்பம்.' உண்மைதான், சீட்டு உள்ளவர் ஆட்டத்தைப் பார்க்கட்டும். ஆனால் ஆட்டம் பகலோடு முடிகிறது. இரவு உணவுக்கு நெடுஞ்சாலையோரத் தொடர் உணவகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஊரார் நடத்தும் சிறு உணவகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். செலவு ஏறத்தாழ ஒன்றே. பணம் போய்ச் சேரும் கைதான் வேறு. இதில் தியாகம் ஏதும் இல்லை. சிறிது கவனம் மட்டுமே தேவை.

சிக்கனமும் இதற்கு முரணன்று. அந்த வாரத்தில் விடுதிக் கட்டணம் பன்மடங்கு உயரும். எனவே அட்லாண்டாவிலிருந்து காலையில் புறப்பட்டு இரவில் திரும்புவதே குடும்பத்துக்கு ஏற்றது. தங்கும் செலவில் மிஞ்சும் தொகையில் சிறு பகுதி உணவகத்துக்கும் படகுக்கும் அருங்காட்சியகத்துக்கும் போதும். புறப்படும் முன் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி, அதற்கு உச்சவரம்பும் விதித்துக்கொள்ளுங்கள். சிறு கடைகளுக்கெனச் சில்லறை டாலர் நோட்டுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

செலவுக் கணக்கு எழுதும்போது 'எவ்வளவு' என்று மட்டுமே நாம் எழுதுகிறோம்; 'யாருக்கு' என்ற பத்தியை விட்டுவிடுகிறோம். அகஸ்டாவுக்குச் செல்லும் குடும்பம் அந்தப் பத்தியையும் சேர்த்து எழுதட்டும். சீட்டு விழாத ஆண்டிலும் அந்தப் பயணம் நட்டக் கணக்கில் முடியாது.