கழுவிய கறி

குழந்தைக்குச் சோறூட்டும்போது, பெரியோருக்கென ஆக்கிய உறைப்புக் கறியிலிருந்து ஓர் உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து, நீரிலே கழுவிப் பிசைந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்பினாற் செய்வதே எனினும், இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பது என் கருத்து.

மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின் என்னும் பொருள் நீரிற் கரைவது அரிது. எண்ணெயிலும் நெய்யிலுமே நன்கு கரையும். ஆகவே கழுவும்போது உப்பும் புளியும் குழம்பின் சாரமும் போய்விடுகின்றன. உறைப்போ எண்ணெய்ப் பசையோடு கிழங்கில் ஒட்டி நிற்கிறது. சுவையை நீக்கி எரிவைக் கொடுக்கிறோம். பிள்ளை முகஞ்சுளித்தால், "இவன் கறி தின்னான்" என்று பழியையும் அவன்மேற் சுமத்துகிறோம்.

உறைப்பைச் சிறுவயதிலேயே பழக்காவிட்டால் மரபு கெடும் என்பாரும் உளர். எந்த மரபு? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்; 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் வழியாக இந்தியாவை அடைந்தது. அதற்குமுன் காரத்திற்கு மிளகே பெரிதும் உதவிற்று. மிளகாய் என்ற பெயரே அதற்குச் சான்று. உருளைக்கிழங்கும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளியே அன்றோ?

உறைப்பில்லாத கறி குறைபட்ட கறியுமன்று. வட இந்திய வீடுகளில் நற்சீரகமிட்ட கிழங்குக் கறியைப் பெரியோரும் விரும்பி உண்பர். அதைப் பிள்ளைகளுக்கென இளகலாக ஆக்குதல் எளிது. நெய்யில் நற்சீரகத்தைப் பொரியவிட்டு, பொடியாய் அரிந்த வெங்காயத்தை நிறம் மாறுமுன் வதக்கி, ஒரு சிட்டிகை மஞ்சளும் சிறிது மல்லித்தூளும் தூவவேண்டும். அவித்து உரித்த கிழங்கை அதிலிட்டு, நீர் வார்த்துக் கொதிக்கவிட்டு, இரண்டொரு துண்டுகளை அகப்பையால் மசித்தால் குழம்பு தானே தடிக்கும். இறக்கியபின் ஒரு கரண்டி தயிர் சேர்க்கலாம். உப்பு மட்டாயிருக்கட்டும், ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு உப்பே வேண்டாம். பச்சை படர்ந்த கிழங்கும் முளைவிட்ட கிழங்கும் ஆகா. நமது பாற்கறி இதற்கு உடன்பிறப்பு. தயிரின் இடத்தை அங்கே தேங்காயின் முதற்பால் பெறுகிறது. இத்தகைய கறியை உண்ணும் பிள்ளை சீரகத்தின் மணத்தையும் கிழங்கின் இனிமையையும் வெவ்வேறாக அறிகிறது. எரிவு மேலோங்கிய கறியில் அந்த அறிவு கிட்டாது.

இரண்டு கறி ஆக்க நேரமேது எனத் தாய்மார் கேட்பது நியாயமே. ஆனால் இரண்டு சட்டி தேவையில்லை. பிள்ளையின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதிற் செத்தல் மிளகாயைத் தாளித்துக் கொட்டலாம். கிழங்கு உரிக்க ஆடவர்க்கும் கைகள் உண்டு.

அடுப்படியில் நிகழ்வது ஏட்டிலும் நிகழ்கிறது. பெரியோர்க்கெழுதிய நூலிலே கடினமான சொற்களைக் களைந்துவிட்டு, மிஞ்சியதைச் சிறுவர் இலக்கியமென்று நீட்டுகிறோம். பிள்ளைகள் வாசிப்பதில்லையென்று குறையும் கூறுகிறோம். அவர்களுக்கென்றே முதலிலிருந்து ஆக்குவது தாழ்ந்த தொழிலன்று. சிறுவர்க்குப் பாட்டும் கதையும் எழுதுவோரும், அவற்றை வகுப்பிற்குத் தெரிந்தெடுக்கும் ஆசிரியரும் இதனை நினைவிற் கொள்வாராக.