ட்ரெயிலர் பெட்டிக்குள் வாங்கு வேண்டாம்



நம்ம ஊர்த் தம்பிமார் சிலர் ஒரு பழைய ஜீப் ட்ரெயிலரை வாங்கி வந்து கராஜில் போட்டுத் திருத்துவது பலருக்குத் தெரியும். பெருநாள் லீவுக்கு ஹந்தபானகல குளத்துப் பக்கம் கேம்பிங், அப்படியே புத்தல – கதிர்காமம் வீதியால் ஒரு சுற்று, அடுத்த தடவை பசறைப் பக்க மலை. நல்ல திட்டம். கறள் தட்டும் போட்டோவுக்கு லைக் போட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் பெட்டிக்குள் ரெண்டு பக்கமும் வாங்கு அடித்து, சின்னப் பிள்ளைகள் எட்டுப் பேரை ஏற்றப் போவதாகக் கேள்விப்பட்டேன். அந்த வாங்கு வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்தப் பெட்டிக்கு ஒரு கதை இருக்கு. 1940இல் அமெரிக்க இராணுவத்துக்கு முதல் ஜீப்பைச் செய்து காட்டியது பாண்டம் என்ற ஒரு சின்னக் கம்பனி. பெரிய ஓடர்கள் எல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டன. பாண்டமுக்கு மிஞ்சியது ஜீப்புக்குப் பின்னால் கொழுவும் ட்ரெயிலர் வேலை. (முதலாம் பிள்ளையாக வந்தும் வேலைக்கு அலையும் நம்ம பட்டதாரிகளுக்கு இந்தக் கதை நன்றாகவே விளங்கும்.) வெறும் பெட்டி சுமார் 250 கிலோ. காட்டுப் பாதையில் ஏற்றுவதற்கு வைத்த கணக்கு 500 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 227 கிலோ. சில்லும் டயரும் ஜீப்பின் அதே அளவு, ஒரு ஸ்பெயார் ரெண்டுக்கும் போதும். தம்பிமார் எடுத்திருப்பது அசலா, அதைப் பார்த்து இங்கே அடித்ததா என்பது பெரிய விசயமில்லை. அளவு அதே அளவுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 35 கிலோ வீதம் எட்டுப் பிள்ளைகள் என்றால் 280 கிலோ. கூடாரம், அடுப்பு, சோற்றுச் சட்டி, தண்ணீர்க் கான் எதுவும் ஏற்ற முதலே பெட்டி அளவைத் தாண்டிவிட்டது.

பாரத்தை விடப் பெரிய பிரச்சினை, பிள்ளைகள் அசைவது. ட்ரெயிலரில் சாமானை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் கூடுதலாக வைக்க வேண்டும், மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொழுவியில் இறங்க வேண்டும். அப்போதுதான் பெட்டி நேராக வரும். அரிசி மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். பிள்ளைகள் இருப்பார்களா? புத்தல – கதிர்காமம் வீதியில் யானைகள் சாப்பாட்டுக்காக வாகனத்தை மறித்து நிற்பது நாம் எல்லோரும் பார்த்தது. யானையைக் கடந்ததும் எட்டுப் பேரும் பின்பக்கம் பாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள். முன்பக்கப் பாரம் இல்லாமல் போக, பெட்டி வாலாட்டத் தொடங்கும். அதை விடுங்கள், திறந்த பெட்டியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யானைக்குப் பக்கத்தால் போவதே என்ன புத்தி?

பசறை வீதியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2021 மார்ச்சில் 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்த நாள் யாருக்கும் மறக்காது. இந்த வகை ட்ரெயிலரில் இருப்பது நிறுத்தி வைக்கும்போது இழுக்கும் கைப் பிரேக் மட்டும்தான். ஓடும்போது ஜீப்பின் பிரேக்தான் ரெண்டையும் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் வளைவுக்குள் பிரேக்கை அமுக்கினால் பின்னால் இருக்கும் ஐந்நூறு கிலோ ஜீப்பைத் தள்ளிப் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கும்.

அடுத்தது தண்ணீர். இந்தப் பெட்டி மிதப்பதற்காகவே தண்ணீர் புகாதபடி செய்யப்பட்டது. 6 அடி நீளம், 3 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டுக்கு மேல் ஒரு அடி தண்ணீர் வந்தால் 18 கன அடி தண்ணீரை அது விலக்கும். அதன் நிறை சுமார் 510 கிலோ. பெட்டியும் முழுப் பாரமும் சேர்ந்தே 480க்குள்தான். ஆகவே சப்பாத்துப் பாலத்தில் வெள்ளம் வரும்போது பெட்டி நிலத்தை விட்டு எழும்பும், ஆறு இழுக்கும் பக்கம் போகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு விளங்கும்.

2024 நவம்பர் 26, மாவடிப்பள்ளி. வெள்ளத்துக்குள் உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டுக்குப் போன மத்ரஸா மாணவர்கள். அந்த ஜனாஸாக்களை நம் பக்கத்து மாவட்டம் தேடித் தேடி எடுத்தது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வேறு வழியில்லாத நாளில் மக்கள் கிடைத்த வாகனத்தில் ஏறுகிறார்கள். வயலுக்கும் கல்யாண வீட்டுக்கும் லேண்ட்மாஸ்டர் பெட்டியில் போய் வளர்ந்தவர்கள்தான் நாங்களும். "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒரு நானா கேட்டார். ஆகாதவர்கள்தானே இருந்து கதைக்கிறோம். கேம்பிங் என்பது நாமாக விரும்பிப் போவது. அதற்கு வேறு வழி இல்லை என்று சொல்ல முடியாது.

தம்பிமாரே, பச்சைப் பெயின்டுக்கும் அலங்கார லைட்டுக்கும் எடுத்து வைத்த காசை முதலில் அடியில் போடுங்கள். இழுவைச் சட்டம் பெட்டியோடு சேரும் இடத்தில் கறளைச் சுரண்டிப் பாருங்கள், வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கறளுக்கு மேலேயே வெல்டிங் அடிக்க விடாதீர்கள். ரெண்டு சில்லுக்கும் புது பெயாரிங், நல்ல கிறீஸ். ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொழுவிக்கு மேலதிகமாகக் குறுக்காக ரெண்டு சங்கிலி, பின்னால் பிரேக் லைட், சிக்னல். பதிவுப் புத்தகம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள், புத்தலச் சந்தியில் பொலிஸ் மறித்த பிறகு அல்ல.

பிள்ளைகளுக்கு ஒரு வேன் பிடிப்போம். வாடகையில் பாதியை நான் தருகிறேன், மீதியைப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளலாம். வாங்குக்கு வாங்கி வைத்த பலகையில் ரெண்டு மடக்கு மேசை தாராளமாக அடிக்கலாம்.